ஆடு வாங்காத பாய்

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக வியாழன் தவறாமல் போய் நின்று, ஒரு குட்டியைக்கூட வாங்காமல் திரும்பிய ஒரே பாய் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி சொல்வதைத் திருப்பிச் சொல்கிறேன்.

"மொகத்தப் பாத்தா பிரியாணிக்கடை மொதலாளி கணக்கா இருக்கு. கையில ஒரு எலும்புத்துண்டு கெடையாது. தெருவுல கேக்குறாக, நான் என்னன்னு சொல்ல?"

"சும்மா வேடிக்கை பாக்கப் போனேன்னு சொல்லு."

"அத நம்புறதுக்கு உங்க மூஞ்சி தோதா இருக்கு, அதனால சொல்லிக்கலாம்."

எங்கள் அத்தா பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். மாமாக்கள் கறிக்கடை வைத்தவர்கள். ஆட்டின் உள்ளும் புறமும் குடும்பத்தில் எல்லாருக்கும் அத்துப்படி. எனக்கு மட்டும் ஆட்டைப் பார்த்தால் ஆடு என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதனால்தான் படிக்க வைத்தார்கள்.

என் தொழில் பிள்ளைகள். திண்டுக்கல்லில் குழந்தைகள் பாதுகாப்பைப் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் களப்பணியாளர். ஒப்பந்த வேலை. வருடா வருடம் மார்ச் மாதம் வந்தால் என் நாற்காலிக்கு மூச்சு இருக்கிறதா என்று யாராவது மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஹோம் என்று நாங்கள் சொல்கிற காப்பகத்தில் வளர்கிற பிள்ளைக்கு உறவென்று சொல்லிக்கொள்ள ஒரு வீடு இருந்தால், விசாரித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் வேலைக்கு ஆள் நிறைய உண்டு, சேர்க்கிற அன்று போட்டோ எடுக்கலாம். இரண்டாவது வேலைக்குப் போட்டோ கிடையாது. அதனால் அது எனக்கு வந்தது.

முன்னேற்றங்களுக்கு எங்கள் அலுவலகத்தில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. ஒவ்வொரு அதிகாரியோடும் ஒன்று வரும். அவர் மாற்றலாகிப் போகும்போது சாமான்களோடு அதுவும் வண்டி ஏறிவிடும். ஒருவர் காலத்தில் பிள்ளைகளோடு பேசுவதற்கென்று தனி அறை வந்தது. சுவரில் முயல், யானை, வண்ணத்துப்பூச்சி. தரையில் மெத்தை. அவர் போனார். அடுத்து வந்தவருக்குப் பழைய ஃபேன்களைப் போட்டு வைக்க இடம் வேண்டியிருந்தது. இன்றைக்கும் அந்த யானை இறக்கை உடைந்த ஃபேன்களுக்குப் பின்னால் தும்பிக்கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொருவர், ஒரு பிள்ளையை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும் என்று வைத்தார். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அவர் போனதும் ஆட்களைக் குறைத்தார்கள். ஏற்பாடு மட்டும் ஒருவிதத்தில் நிலைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆள் என்று ஆகிவிட்டது. அந்த ஆள் நான்.

இந்த நிலையில்தான் அந்தப் பிள்ளை என் கைக்கு வந்தாள். அம்மா இறந்துவிட்டாள். அப்பா திருப்பூர்ப் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். நல்ல விவரம் தெரியும் முன்பே ஹோமுக்கு வந்தவள், அப்போது ஏழாவது படித்தாள். அவளுடைய பெரியம்மா, குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் ஆடு வளர்ப்பவர், ஒருநாள் தானாகவே அலுவலகத்துக்கு வந்து நின்றார். புருஷன் இல்லை. கல்யாண வயதில் ஒரு மகள்.

"எந் தங்கச்சி புள்ள. நான் உசுரோட இருக்கையில அது எதுக்கு அங்க கெடக்கணும்? எங்களுக்கு ஊத்துற கஞ்சியில அதுக்கும் ஊத்துறேன்."

குழந்தைகள் நலக் குழு சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு. விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்க முடியாமல் போனாலோ, வீடு ஒத்துவராமல் போனாலோ, பிள்ளை திரும்ப ஹோமுக்கு. பதினெட்டு வயது வரைக்கும் ஹோம், அதற்குப் பிறகு ஏதாவது ஒரு மில். பெரியம்மா வீடு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இதுதான். வேறு வாசல் அவளுக்கு இல்லை.

சேர்த்த பிறகு முதல் தடவை பார்க்க அலுவலக ஜீப்பில் போனோம். முன்னாலும் பின்னாலும் அரசாங்க எழுத்து. ஜீப் ஊர் எல்லையைத் தொடும்போதே வேலியோரத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "யாரு வீட்டுக்கு? கேஸா?" என்று ஒருவர் டிரைவரிடமே கேட்டார். எங்கள் டிரைவர் வாயில் வெற்றிலை, பதில் வரவில்லை. அது சந்தேகத்தை வளர்த்தது. பெரியம்மா சிரித்த முகத்தோடு வரவேற்றார், தண்ணீர் கொடுத்தார், பிள்ளையைக் காட்டினார். கிளம்பும்போது ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"ஊருக்குள்ள நான் இவ திண்டுக்கல்லுல ஆஸ்டல்ல தங்கிப் படிச்ச புள்ளன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஹோமுன்னா என்ன ஏதுன்னு தோண்டுவாக. பொம்பளப்புள்ள. இன்னொரு தரம் இந்த வண்டி வந்துச்சுன்னா என்னால சமாளிக்க முடியாது."

"பாக்காம இருக்க முடியாதும்மா. பாக்கலைன்னா திருப்பி அனுப்பச் சொல்லிருவாங்க."

"பாக்க வேணாம்னு யாரு சொன்னா? வியாழக்கெழம அய்யலூருச் சந்தைக்கு நான் ஆட்டோட வருவேன். இவளும் வருவா. நீங்க பாய்தான? ஆட்டுச் சந்தையில ஒரு பாய் நின்னா எவன் ஏன்னு கேக்கப் போறான்?"

நாற்பது வருடம் நான் சுமந்துகொண்டிருந்த தாடி முதல்முறையாக அரசாங்கத்துக்குப் பயன்பட்டது.

சந்தை விடியும்போதே கூடி, பள்ளிக்கூட மணிக்கு முன் கலைந்துவிடும். நாலு ரோட்டையும் அடைத்துக்கொண்டு குட்டி யானை வண்டிகள், கயிற்றை இழுத்து நிற்கிற கிடாய்கள், மூத்திர வாடை, டீ ஆவி. தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். உரசிக்கொண்டு நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. எட்டிப் பார்ப்பதும், என்ன பேசினீர்கள் என்று கேட்பதும் அங்கே அவமரியாதை. இரண்டு பேர் தலையை ஒட்டி வைத்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் சுற்றி நிற்பவர்கள் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் முயல், யானை அறையில்கூட இந்த மரியாதை கிடையாது. அங்கே யாராவது ஃபேன் எடுக்க வந்துவிடுவார்கள்.

நானும் பெரியம்மாவும் ஓர் ஆட்டை நடுவில் நிறுத்திக்கொண்டு பேசுவோம். பேச்சு பிள்ளையைப் பற்றி. கை ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பிள்ளை கயிற்றைப் பிடித்து நிற்பாள். பிறகு அவளும் நானும் டீக்கடையில் வடை தின்போம், பெரியம்மா இல்லாமல். அவள் தனியாக என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல வேண்டுமே. பெரும்பாலும் அவள் சொன்னது என்னைப் பற்றித்தான்.

"மாமா, கெடா என்ன வெலன்னு அம்புட்டு சத்தமாக் கேட்டீகளே, அது பொட்டக்குட்டி."

"அப்படியா? எனக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு."

"இதுகூடத் தெரியாம எப்புடி பாயா இருக்கீக?"

"எங்க தெருவுலயும் இதத்தாம்மா கேக்குறாங்க."

மீசைக்காரத் தரகர் ஒருவர் என்னை விடுவதே இல்லை. பெரிய கடைக்கு ஆடு பார்க்க வந்திருக்கிறேன், ஒருநாள் வண்டி நிறைய வாங்குவேன் என்பது அவர் கணக்கு. "என்னா பாய், இன்னைக்காச்சும் பல்லப் பாப்பீகளா, இல்ல வழக்கம்போல மொகரையப் பாத்துட்டுக் கெளம்பிருவீகளா?" என்பார். ஒரு வாரம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வயது தெரிந்தவன் போல ஒரு கிடாயின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தேன். அது என் முகத்தில் தும்மியது. தரகர் பிள்ளையைப் பார்த்து, "ஆட்டுக்கே பாய புடிக்கல" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் வடை கீழே விழுந்தது. ஹோமில் அவளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அங்கே பல் தெரியச் சிரித்ததில்லை.

ஒரு வியாழன் பெரியம்மா ஆட்டின் காதைத் திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேத்து அடிச்சுப்புட்டேன் பாய்."

நான் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"துணிப் பைக்குள்ள சோத்து உருண்டை. எறும்பு மொய்க்குது. ஏண்டி திருடுறன்னு கேட்டேன், வாயே தெறக்கல. கை நீட்டிட்டேன். ராத்திரி பூராம் தூங்கல நானு."

அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டால் இது எந்தப் பெரியம்மா வாயிலிருந்தும் வராது. வந்தால் அடுத்த வாரம் பிள்ளை ஹோமில் இருக்கும். ஹோமில் வளர்கிற பிள்ளைகள் பலருக்கு நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று சோற்றை ஒளித்து வைக்கிற பழக்கம் உண்டு, அது திருட்டில்லை, பயம் என்று சொன்னேன். அவர் ஆட்டின் காதை விட்டார். அடுத்த வாரம் கேட்டபோது, மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கி, "இது ஒனக்கு, என்னத்த வேணா எடுத்து வச்சுக்க" என்று கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கொஞ்ச நாளில் அந்த டப்பாவில் ஹேர்பின்னும் ஸ்டிக்கர் பொட்டும் வந்து சேர்ந்தன. பிள்ளையின் முன்னேற்றம் என்று நான் என் வாழ்நாளில் கண்ணால் பார்த்தது அந்த டப்பா ஒன்றைத்தான்.

பேச்சு பரவி, எரியோட்டுப் பக்கம், வடமதுரைப் பக்கம் என்று இன்னும் சில வீட்டுக்காரர்களும் சந்தையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லாரும் எப்படியும் சந்தைக்கு வருகிறவர்கள். அந்த வருடம் நான் சந்தையில் பார்த்த பிள்ளைகள் யாரும் ஹோமுக்குத் திரும்பவில்லை. அதிகம் பேசினால் கண் பட்டுவிடும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும்.

ஆனால் புதிதாக வந்த அதிகாரி மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், சொல்ல முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெளி மாவட்டத்துக்காரர், இளம் வயது, பிள்ளைகள் என்றால் உண்மையாகவே உருகுகிறவர். ஒரு வியாழன் விடியற்காலையில் தானே பஸ் ஏறி அய்யலூருக்கு வந்துவிட்டார். ஓர் ஆடு அவர் துப்பட்டாவைத் தின்றது. சிரித்துக்கொண்டே பிடுங்கினார். தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். திரும்பும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாய் சார், இத விடக் கூடாது. இத நிரந்தரமாக்கணும்."

"இப்படியே இருந்தாலே நிரந்தரம்தான் மேடம்."

"எப்படி? நீங்க இருக்கிற வரைக்கும் நடக்கும். உங்க காண்ட்ராக்ட் அடுத்த வருஷம் இருக்குமான்னு உங்களுக்கே தெரியாது. நீங்க போயிட்டா இந்தப் பிள்ளைங்கள யார் பார்ப்பா? ஒரே ஒரு ஆளோட தாடிய நம்பி நிக்கிறது முன்னேற்றமா?"

அவர் சொன்னது சரி. இதற்கு முன் வந்த அத்தனை நல்லதும் ஆளோடு வந்து ஆளோடு போனதை என் கண்ணால் பார்த்தவன் நான். ஆள் போனாலும் நிற்க வேண்டும் என்றால் இடம் வேண்டும், பெயர் வேண்டும், மேலே ஒப்புதல் வேண்டும். பெயரும் இடமும் வந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் எங்கள் பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் வர மாட்டார்கள்.

"போர்டு மட்டும் வேணாம் மேடம்" என்றேன்.

"பிள்ளைங்க முகமோ பேரோ எங்கயும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

வாக்குத் தவறவில்லை. சந்தை நுழைவில், டீக்கடையை ஒட்டி, நீலத் தகரம் போட்ட ஸ்டால் எழுந்தது. திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தபோது மேடம் கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்தார். பிள்ளைகள் முதுகைக் காட்டி ஓடுவது போல ஒரு ஓவியம். ஒரு முகம் கிடையாது, ஒரு பெயர் கிடையாது. 'ஹோமிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகளின் குடும்பங்களை வாரந்தோறும் இங்கே சந்திப்பவர்' என்று எழுதி, ஓவியம் போக மிச்சமிருந்த இடம் முழுக்க என் படத்தைப் போட்டுவிட்டார்கள். பாராட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம். கடைக்காரர் என்னைச் சிவப்பாக்கி, தாடியை ஒழுங்கு செய்து, கன்னத்தில் பத்து வயது குறைத்திருந்தார். விழா அன்று காலையில்தான் அதை முதல்முறை பார்த்தேன். யாரோ பெரிய மனுஷர் என்று நினைத்து சலாம் சொல்லத் தோன்றியது. அப்புறம்தான் படத்துக்குப் பக்கத்து எழுத்தைப் படித்தேன்.

பிள்ளைகளை நாங்கள் ஜாக்கிரதையாக மறைத்திருந்தோம். என்னைக் காட்டியிருந்தோம். ஒரு வருடமாக வாராவாரம் இந்த முகத்தோடு தலையை ஒட்டி வைத்துப் பேசியவர்கள் யார் யார் என்பது சந்தைக்கே தெரியும்.

மைக் செட் போட்டார்கள். சால்வை போட்டார்கள், அது என்னைச் சுற்றி வரப் போதவில்லை. மைக்கில் ஒருவர் என் பெயரையும் 'ஹோம் குழந்தைகள்' என்பதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வண்டியிலிருந்து பெரியம்மா ஆடுகளை இறக்குவது தெரிந்தது. பிள்ளையும் இருந்தாள். பெரியம்மா ஃப்ளெக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பி, ஆடுகளை இழுத்துக்கொண்டு சந்தையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். சால்வையோடு மேடையிலிருந்து இறங்கி ஓட முடியாது. ஓடினால் எல்லாரும் திரும்பி, நான் யாரிடம் ஓடுகிறேன் என்று பார்ப்பார்கள். நின்றேன். போட்டோ எடுத்தார்கள்.

விழா முடிந்ததும் மீசைக்காரத் தரகர் வந்தார். ஃப்ளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீங்க ஆடே வாங்க மாட்டீகளா?"

"மாட்டேன்."

"வருசம் பூரா ஒங்க பின்னாடியே சுத்துனேனே பாய்! ஒங்கள நம்பி நத்தத்துக்காரனுக்குக் குடுக்க இருந்த கெடாய நிறுத்தி வச்சேனே!"

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"அது கெடக்கட்டும்." குரலைத் தணித்தார். "அந்த குஜிலியம்பாறப் பக்கத்து அம்மா கூட வருமே, அந்தச் சிரிச்ச புள்ள. அது ஹோம் புள்ளயா?"

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு ஆட்டு வியாபாரமும் வராது, பொய்யும் வராது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தோன்றிய கேள்வி எல்லாருக்கும் தோன்றும், அவ்வளவுதான்.

அதன் பிறகு வந்த வியாழன்களில் ஸ்டாலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க முடியுமா என்று ஒருவர் வந்தார். ஒரு கல்லூரி மாணவன் செல்ஃபி எடுத்துக்கொண்டான். ஸ்டாலின் தூண் கயிறு கட்ட வாகாக இருந்ததால் ஆடுகள் வந்தன. எரியோட்டுக்காரர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் நடந்தார். பெரியம்மா சந்தையையே மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போன் போட்டால் எடுக்கவில்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "நான் யோசிக்கலையே பாய் சார். உங்க முகத்த நான் யோசிக்கவே இல்லையே" என்றார். அன்றே ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னார். ஃப்ளெக்ஸை அவிழ்க்கலாம், பார்த்த கண்ணை அவிழ்க்க முடியுமா? ஸ்டாலையும் எடுத்துவிடலாம் என்று மேலே எழுதினார். பதில் வருவதற்குள் மாற்றல் வந்துவிட்டது, சந்தை ஏற்பாட்டைப் பாராட்டி இன்னும் பெரிய பொறுப்பு. போகும்போது அழுதார். அடுத்து வந்த சார் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இப்பத்தான தெறந்தோம், அதுக்குள்ள மூடுனா என்னைய என்ன நெனப்பாங்க? மேலருந்து பாக்க வர்றப்ப யாராச்சும் உக்காந்திருக்கணும். நீங்க உக்காருங்க" என்றார்.

கடைசியில் நான் டவுன் பஸ் பிடித்துப் பெரியம்மாவின் ஊருக்கே போனேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள். பெரியம்மா பட்டியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாரே தவிர, வாங்க என்று சொல்லவில்லை.

"மூத்தவளுக்கு ஒரு எடம் பேசிருந்தோம். மாப்பிள்ளையோட தாய்மாமன் ஆட்டு ஏவாரி. அன்னைக்குச் சந்தையில இருந்திருக்காரு."

"என்ன சொல்றாங்க?"

"ஆஸ்டல்னு சொன்னியே, ஹோமாமேன்னு கேக்குறாக. ஏன் ஹோமுல இருந்துச்சு, போலீசு கேஸா, அதுக்கு என்ன ஆச்சு, யாரு என்ன பண்ணுனா. அத்தனையும் கேட்டுப்புட்டாக பாய். ஒண்ணும் ஆகல, ஆத்தா இல்லாத புள்ள, அம்புட்டுத்தான்னு சொல்றேன். நம்பலை. மறைச்சவ இன்னும் எதெத மறைச்சாளோன்னு நெனக்கிறாக."

"நான் வந்து பேசுறேன்மா."

"நீங்க பேசுனதுதான் இம்புட்டுக்கும் ஆச்சு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தார்.

"கல்யாணம் வரைக்குமாச்சும் அது இங்க இருக்கக் கூடாதுங்குறாக. நான் பெத்தது ஒண்ணு, என்னைய நம்பி வந்தது ஒண்ணு. எத விடட்டும்? சொல்லுங்க, நீங்க படிச்சவுகதான?"

நான் படித்தது எதற்கென்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"கல்யாணம் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கிறேன்" என்றார் பெரியம்மா. கல்யாணம் முடிந்தால் மருமகன் வீடு, பிறகு பிரசவம், பிறகு பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. ஒவ்வொன்றிலும் அதே தாய்மாமன் முதல் வரிசையில் உட்காருவார். அது இரண்டு பேருக்கும் தெரிந்ததால் இரண்டு பேரும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளை திரும்ப ஹோமுக்கு என்று குழு உத்தரவு போட்டது. கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. ஜீப் வேண்டாம் என்று கெஞ்சி, பஸ்ஸிலேயே போனேன். பிள்ளை பையோடு தயாராக நின்றாள். பெரியம்மா வீட்டுக்குள் இருந்தார், வெளியே வரவில்லை. அக்காக்காரிதான் பஸ் நிறுத்தம் வரை வந்தாள். என்னைப் பார்க்காமல் தங்கையின் தலையைக் கோதிக்கொண்டே நின்றாள். அவள் கண்ணும் வீங்கியிருந்தது. யாரைத் திட்டலாம் என்று தேடினால் எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தேன். வெயிலில் முருங்கைக் காடுகளும் மூடிக்கிடந்த மில் கேட்டும் போய்க்கொண்டிருந்தன.

"அக்கா கல்யாணம் முடிஞ்சதும் கூட்டிக்குவாகளாம்."

"ம்."

"நீங்க நம்புறீகளா மாமா?"

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். "அந்த மாப்பிள்ளை போட்டோவ நானும் பாத்தேன். முன்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு, பொண்ணா ஆணான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் திரும்பிப் பார்த்தாள். பெரியவர்கள் பார்ப்பது மாதிரி, பொறுமையாக.

"சிரிப்பு வரல மாமா. பரவால்ல, விடுங்க."

ஹோமில் கையெழுத்து வாங்கினார்கள். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அழும், அம்மா புடவையைத் தேடும். இவள் செருப்பை எங்கே விட வேண்டும் என்று தெரிந்து, அங்கேயே விட்டாள். குழாயில் கால் கழுவினாள். உள்ளே இருந்து பழைய சிநேகிதி ஒருத்தி ஓடிவந்து, "ஏ, திரும்ப வந்துட்டியா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

உள்ளே சேர்ந்துவிட்ட பிள்ளைகள் என் பொறுப்பு இல்லை. வீட்டுக்குப் போன பிள்ளைகள்தான் என் கணக்கு. இது அவளுக்கு எப்படித் தெரியும்?

"வியாழக்கெழம வருவீகளா மாமா?"

"வியாழக்கிழமை சந்தையில எனக்கு டூட்டிம்மா. ஸ்டால்ல உக்காரணும்."

"அங்கதான் இப்ப யாரும் வரமாட்டாகளே?"

"வரமாட்டாங்க."

"அப்பறம் எதுக்கு?"

"மேலருந்து பாக்க வந்தா ஒரு ஆள் இருக்கணும்ல."

நியாயம்தான் என்பது போலத் தலையாட்டினாள். அரசாங்கம் எப்படி நடக்கும் என்று என்னைவிட அதிக வருடம் உள்ளேயிருந்து பார்த்தவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிநேகிதியின் பின்னால் நடந்தாள். கூடத்தைத் தாண்டும்போது அவள் கட்டில் எது என்று யாரும் சொல்லாமலே இடது பக்கம் திரும்பினாள்.